விலைக்கு வாங்கிய நாலு வயது

கேன்டீனில் சாப்பாட்டு மேசைகளை எல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைத் துணி. அதில் ஒரு படம்: நரைத்த தலையோடு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நடக்கிறார்கள், பல் தெரியச் சிரிக்கிறார்கள். 'வெளிநாட்டில் உழைப்பவர்களுக்கான ஓய்வுக்காலத் திட்டம்' என்று மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு. பேச வந்தவன் டை கட்டிய ஒரு பையன். முப்பதைக்கூடத் தொட்டிருக்க மாட்டான். ஓய்வைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க, இன்னும் வேலை செய்தே களைக்காத ஒருத்தனைத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில் லாக்புக் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருடைய நிஜப் பெயரைக் கேட்டால் அந்தக் கம்பெனியில் நாலு பேருக்குக்கூடத் தெரியாது. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில், மொத்தக் கட்டடத்துக்கும் குளிர் அனுப்புகிற ராட்சத மெஷின்கள் இருக்கின்றன. சில்லர் என்று சொல்வார்கள். அதற்கு அவர் ஆபரேட்டர். மணிக்கொரு தரம் தண்ணீர் எத்தனை டிகிரியில் போகிறது, எத்தனை டிகிரியில் திரும்பி வருகிறது, அழுத்தம் எவ்வளவு என்று லாக்புக் என்கிற பதிவேட்டில் எழுத வேண்டும். மற்ற ஆபரேட்டர்கள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கற்பனையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் கையில் டார்ச்சோடு போய், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மீட்டர் முள்ளைப் பார்த்துத்தான் எழுதுவார். முள் ஏழரையில் நின்றால் ஏழரை. சூப்பர்வைசர் தலைகீழாக நின்றாலும் ஏழு என்று எழுத மாட்டார். பெயர் வந்தது இப்படித்தான்.

டை கட்டிய பையன் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தான். நாலைந்து பாஷையில் அச்சடித்திருந்தார்கள், நம் பாஷையும் இருந்தது. முதல் கட்டம்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பிறந்த தேதி. இரண்டாவது: அறுபது வயது முடிகிற தேதி. மூன்றாவது: அதற்கு இன்னும் எத்தனை மாதம். அறுபதுக்கு மேல் இந்த நாட்டில் விசா புதுப்பிக்க மாட்டார்கள், அதனால் மூன்றாவது கட்டம்தான் முக்கியம் என்று பையன் இரண்டு தடவை சொன்னான்.

அண்ணன் நிதானமாக எழுதினார். பாஸ்போர்ட் தேதி அவருக்கு மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அடுத்த கட்டத்தையும் நிரப்பினார். மூன்றாவது கட்டத்தில் கழித்துப் பார்த்து 5 என்று எழுதினார்.

எழுதிவிட்டுப் பார்த்தார். கழித்தலில்தான் எங்கேயோ பிசகு என்று நினைத்து விரல் விட்டு மறுபடி எண்ணினார். ஐந்துதான் வந்தது. அவருடைய கணக்கில் இன்னும் நாலு வருஷமும் ஐந்து மாதமும் பாக்கி இருந்தது. பக்கத்தில் இருந்த பிளம்பர் எட்டிப் பார்த்து, "அஞ்சு மாசம்தானா? கொடுத்து வச்சவர்ணே நீங்க!" என்றான்.

இந்த இடத்தில் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அண்ணன் கப்பலேறியபோது, அதாவது விமானம் ஏறியபோது, அவருக்குப் பதினேழு வயசு. வேலைக்கு ஆள் எடுத்த கம்பெனி இருபத்தொன்று கேட்டது. ஏஜென்ட் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "நாலு வயசுதானே குறையுது? போட்டுக்கலாம்" என்றார். ஏதோ சாம்பாரில் உப்புக் குறைகிற மாதிரி. ஆனால் சும்மா போடவில்லை. ஒரு வயசுக்கு இவ்வளவு என்று தனியாக ரேட் வைத்திருந்தார். நாலு வயசுக்கும் சேர்த்துக் கட்ட அப்பா தன் சைக்கிளை விற்றார். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அவர் வேலைக்கு நடந்தே போனார். போட்டோவுக்கு மீசை முளைக்கவில்லை என்று ஏஜென்டே கறுப்புப் பென்சிலால் வரைந்துவிட்டார். அந்த மீசையோடுதான் முதல் பாஸ்போர்ட்.

அன்றிலிருந்து அண்ணனுக்கு வயது இரண்டு. வேலை செய்கிற நாட்டில் ஒன்று, வீட்டில் ஒன்று. ஆஸ்பத்திரியில், அலுவலகத்தில், விமான நிலையத்தில் கேட்டால் பாஸ்போர்ட் வயசு தன்னால் வாயில் வரும். லீவில் போனால் மனைவியிடம் பள்ளிச் சான்றிதழ் வயசு. முப்பத்தொன்பது வருஷமாக இந்த இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. லாக்புக்கில் ஒரு அரை டிகிரியைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன், தன் வயசில் இருந்த நாலு வருஷ வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமலே காலம் தள்ளிவிட்டார். எல்லாரையும் கரித்துக்கொட்டுகிற எனக்கு இவரைத் திட்ட மட்டும் மனசு வரவில்லை. அவருடைய திட்டம் முழுக்க வீட்டில் போட்டது. வீட்டில் வைத்துப் போட்டால் வீட்டு வயசுதானே நினைவுக்கு வரும்?

அந்தத் திட்டம் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால், லீவில் போயிருந்த ஒரு மத்தியானம், சமையலறை மேசையில் மனைவி எழுத இவர் சொன்னது. ஒரு பக்கம் தங்கை கல்யாணக் கடன், அடுத்த பக்கம் வீடு, அதற்கடுத்தது மகளின் நர்சிங் படிப்பு, அப்புறம் மகள் கல்யாணம். கடைசிப் பக்கத்தில் மனைவி 'நமக்கு' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்குக் கீழே நாலே வரி. வட்டிக்குப் போட்டு வைக்க வேண்டிய பணம். அவள் முழங்கால் ஆபரேஷன். இரண்டு பேருக்கும் மருத்துவக் காப்பீடு. நாலாவது வரியை அவள் கேட்காமலே எழுதினாள்: ஒரு தடவை ரெண்டு பேரும் எங்கேயாவது போகணும். இந்த நாலு வரிக்கும் பணம் கடைசி நாலு வருஷச் சம்பளத்திலிருந்து. அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

போன மாதம்தான் மகள் கல்யாணக் கடனின் கடைசித் தவணை முடிந்தது. இந்த மாதச் சம்பளத்திலிருந்து 'நமக்கு' பக்கம் ஆரம்பம்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் அறைக்குக்கூடப் போகாமல் பஸ் நிறுத்தத்திலேயே நின்று மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, எனக்கு என்ன வயசு?"

"என்னங்க இது, வெயில் தலைக்கு ஏறிடுச்சா? அம்பத்தஞ்சு முடியப் போகுது."

"பாஸ்போர்ட்ல?"

மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றது. எதிர்முனையில் அவள் கணக்குப் போடுவது அவருக்குக் கேட்கிற மாதிரியே இருந்தது.

"ஐயோ" என்றாள். அவ்வளவுதான்.

"நீ மாசாமாசம் கட்டிட்டு வர்றியே, அந்தப் பென்ஷன். அது எப்ப வரும்?"

"அறுபதுல."

"எந்த அறுபது?"

"பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் வச்சுத்தான் சேர்ந்தோம். அந்த அறுபதுதான். அதுக்கு முன்னாடி தர மாட்டாங்க, கேட்டாச்சு." அவளே தொடர்ந்தாள். "அப்ப அங்க உங்களுக்கு வயசாயிடுச்சு. இங்க இன்னும் வயசாகல."

சிரிக்க வேண்டிய விஷயம்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அதை ஒரு கடையில் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு, மறுநாள் பர்சனல் ஆபீசுக்குப் போனார். அங்கே நம் பாஷை பேசுகிற ஒரு பெண் இருந்தாள். விசா, லீவு, வேலை முடிந்து போகும்போது கணக்குப் பார்த்துத் தருகிற செட்டில்மென்ட் பணம் எல்லாம் அவள் கையில். தங்கமான பெண், ஆனால் வேலையில் கறார்.

"ஏம்மா, ரிட்டயர்மென்ட் வயசை எதை வச்சுப் பார்ப்பீங்க?"

"பாஸ்போர்ட்டை வச்சுத்தாண்ணே. வேற எதை வச்சுப் பார்ப்பாங்க?"

"அதுல தேதி தப்பா இருந்தா?" என்று பிரின்ட்டை மேசையில் வைத்தார்.

அவள் படித்தாள். படித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவர் பக்கமே தாளைத் திருப்பித் தள்ளினாள்.

"அண்ணே, இதை நீங்க என்கிட்ட காட்டவே இல்ல. நான் பார்க்கவே இல்ல. புரியுதா? இதை உள்ள கொடுத்தா, நீங்க பதினேழு வயசுல பொய்ப் பேப்பர்ல வந்து சேர்ந்தீங்கன்னு ஆயிடும். முப்பத்தொம்பது வருஷ சர்வீசும் பொய்ன்னு சொல்லுவாங்க. வர வேண்டிய செட்டில்மென்ட் அப்படியே நிக்கும். கேஸ் முடியற வரைக்கும் ஊருக்கே போக முடியாது."

"சரிம்மா. அந்தச் செட்டில்மென்ட் எவ்வளவு வரும்?"

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "பாதிக்கு மேல ரெண்டு தடவையா அட்வான்ஸ் எடுத்திருக்கீங்களே. ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு கல்யாணத்துக்கு." மீதியை ஒரு சீட்டில் எழுதிக் காட்டினாள். 'நமக்கு' பக்கத்தின் முதல் வரிக்கே அது கால்வாசிதான் வரும்.

அண்ணன் சான்றிதழை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடித்தளத்துக்கு இறங்கிப் போனார். பதினொரு மணி ரீடிங் எடுக்க நேரமாகியிருந்தது. காதுக்கு மூடியை மாட்டிக்கொண்டு டார்ச்சை அடித்துப் பார்த்தார். தண்ணீர் ஏழில் போய்ப் பன்னிரண்டில் திரும்பிக்கொண்டிருந்தது. அப்படியே எழுதினார். எழுதும்போது அவருக்கு அப்பா மேல் கோபம் வந்தது, ஏஜென்ட் மேல் கோபம் வந்தது, பென்சில் மீசையோடு பல்லைக் காட்டி நின்ற அந்தப் பையன் மேலும் கோபம் வந்தது. மூன்று பேரில் இரண்டு பேர் செத்துப் போயாச்சு. மிச்சம் இருப்பவரைத்தான் திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த ஐந்து மாதமும் சம்பளத்தில் சல்லிக் காசு செலவு பண்ணாமல் அனுப்பினார். ஐந்து மாதம் ஐந்து மாதம்தான், அதை எவ்வளவு இழுத்தாலும் நாலு வருஷம் ஆகாது.

கடைசி நாளில் கேன்டீனில் கேக் வெட்டினார்கள். வெள்ளைக் கிரீமின் மேல் சிவப்பில் 60 என்று எழுதியிருந்தது. மேனேஜர் இரண்டு நிமிஷம் பேசினார், சக்கரம் வைத்த ஒரு பெட்டி பரிசு கொடுத்தார். இந்த மாதிரி விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. கேக்கை ஊட்டிவிட்டு யாராவது ஒருத்தர், "உங்களைப் பார்த்தா அறுபதுன்னு சொல்லவே முடியாதுங்க" என்று சொல்வார்கள். போன வருஷம் ஸ்டோர்கீப்பருக்குச் சொன்னார்கள். தலைக்கு மை அடித்து, காது ஓரத்தில் அது வழிந்துகொண்டிருந்த ஆளுக்கே சொன்னார்கள். அண்ணனும் காத்துக்கொண்டிருந்தார். தனக்கு நிஜமாகவே அறுபது இல்லையே, சொல்லட்டுமே என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

வந்தார்கள், கையைக் குலுக்கினார்கள், "உடம்பைப் பார்த்துக்கங்க" என்றார்கள், கேக்கைத் தின்றார்கள். ஒருத்தரும் அதை மட்டும் சொல்லவில்லை. அவசரத்தில் மறந்திருப்பார்கள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்து மூன்று மாதம் அவர் சும்மா இருக்கவில்லை. முப்பத்தொன்பது வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு சில்லர் இருக்கிற கட்டடங்களாகத் தேடிப் போனார். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது, டார்ச்சும் வேண்டாம், லாக்புக்கும் வேண்டாம் என்று டீ கொடுத்து அனுப்பினார்கள். வங்கியில் இருந்த பணம் மாதாமாதம் கரைந்தது. முழங்காலுக்கு ஆபரேஷன் என்று இருந்தது முழங்காலுக்குத் தைலம் என்று ஆனது. மாடிப்படி ஏற அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நின்று ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நோட்டு அலமாரியில் இருந்தது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

கடைசியில் மருமகன்தான் ஒரு செக்யூரிட்டி கம்பெனியின் விலாசம் கொடுத்தார். அடுக்குமாடி வீடுகளுக்குக் காவலாள் அனுப்புகிற கம்பெனி. சம்பளம் சுமார்தான், ஆனால் நாலு வருஷத்தை எப்படியோ ஓட்டிவிடலாம், பென்ஷன் வருகிறவரை வங்கிப் பணத்தைத் தொட வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: ஐம்பத்தெட்டுக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.

"எந்த வயசைச் சொல்லப் போறீங்க?" என்று காலையில் மனைவி கேட்டாள்.

"ஏன், எனக்கு என்ன வயசோ அதைத்தான்." ஒரிஜினல் பள்ளிச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அலுவலகத்தில் உண்மையான வயசைச் சொல்லப் போகிறோம் என்று அவருக்கு ஒரு தெம்புகூட வந்திருந்தது.

செக்யூரிட்டி கம்பெனி இரண்டாவது மாடியில் ஒரே அறை. சுவரோரம் நீலச் சட்டைகள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. மேசைக்குப் பின்னால் இருந்த மேலாளருக்கு நாற்பது இருக்கும், மரியாதை தெரிந்த ஆள்.

"உக்காருங்க பெரியவரே. வயசு?"

"அம்பத்தாறு."

சொல்லும்போது நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்ததைச் சொல்லிவிட்டு உறையை நீட்டினார். மேலாளர் சான்றிதழைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், மறுபடி சான்றிதழைப் பார்த்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க பெரியவரே. இந்த மாதிரி சர்ட்டிபிகேட் வாரத்துக்கு நாலு வருது. வயசைக் குறைச்சுப் போட்டுத் தர ஆள் இருக்காங்க, ஒரு வயசுக்கு இவ்வளவுன்னு. நீங்க எவ்வளவு கொடுத்தீங்க?"

காசு கொடுத்தது வாஸ்தவம். ஆனால் கொடுத்தது கூட்டுவதற்கு. அதை இந்த ஆளிடம் எங்கிருந்து ஆரம்பித்து, எப்படிச் சொல்லி முடிப்பது?

"சார், இது நிஜம். சத்தியமா எனக்கு அம்பத்தாறுதான்."

"எங்க அப்பாவுக்கு அறுபத்தொண்ணு. நேத்துதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவர் உங்களைவிடத் தெளிவா இருக்கார்." மேலாளர் குரலில் கிண்டல் இல்லை, அதனால்தான் அது ஆழமாக இறங்கியது. "வெளிநாட்டுல இருந்தேன்னு சொன்னீங்களே, பாஸ்போர்ட் இருக்குமே? அதைக் காட்டுங்க. அதுல என்ன போட்டிருக்கோ அதை நான் மறுபேச்சு இல்லாம ஒத்துக்கறேன்."

பாஸ்போர்ட் சட்டைப் பையில்தான் இருந்தது. முப்பத்தொன்பது வருஷப் பழக்கம், அது இல்லாமல் அவர் வெளியே இறங்குவதில்லை. பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"கொண்டு வரல சார்."

"அப்ப எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்" என்று சான்றிதழை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார் மேலாளர்.

படியிறங்குகிற திருப்பத்தில் கை கழுவுகிற தொட்டியும் அதற்கு மேல் ஒரு கண்ணாடியும் இருந்தன. அண்ணன் நின்றார். முள்ளைப் படிக்கிற மாதிரி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் படித்துப் பார்த்தார். பம்ப் அறைச் சூட்டிலும், சில்லர் தண்ணீரில் கலக்கிற மருந்தின் ஆவியிலும் வெந்து கறுத்த நெற்றி. பக்கப் பல் போய் ஒட்டிய கன்னம். இரவு ஷிப்டுகள் கண்ணுக்குக் கீழே தொங்கவிட்டுப் போன பைகள். கேக் வெட்டிய அன்றைக்கு யாரும் எதையும் மறக்கவில்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சமையலறை மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

"என்ன வயசு சொன்னீங்க?"

"அம்பத்தாறுன்னுதான் சொன்னேன். அவர் நம்பல. முகத்தைப் பார்த்தே அறுபதுக்கு மேலன்னு கணக்குப் போட்டுட்டார்."

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தது.

"அவருக்கு என்ன தெரியும்?" என்றாள். "உங்களைப் பார்த்தா அறுபதுன்னு யாராவது சொல்லுவாங்களா?"

அத்தனை மாதமாக அவர் கேட்கக் காத்திருந்த வார்த்தை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்காமல்தான் அவள் அதைச் சொன்னாள்.